அப்பாவை எந்தப் பக்கம் திருப்பி வைத்தோம்

தமன்ரெஜோ, சுரினாம்
3 டிசம்பர் 1978

அன்பு மகன் வர்சித்தோவுக்கும் மருமகள் லஸ்மிக்கும் அம்மா எழுதிக்கொள்வது. நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், இரண்டு வாய் சோறு இறங்குகிறது, அந்த மட்டுக்கும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் அந்தக் குளிரில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லஸ்மிக்கு ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது என்று எழுதியிருந்தாய். ஏழாம் மாதச் சடங்கெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று நீ சொல்வாய், சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குப் புளிப்பும் காரமுமாகப் பழம் நறுக்கிப் போட்டு ஒரு கிண்ணமாவது கொடு, அதற்குக் கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை. உன்னைச் சுமந்தபோது எனக்கு யாரும் பச்சை மாங்காய் தராததால்தான் நீ இப்படிப் பிடிவாதக்காரனாகப் பிறந்தாய் என்று உன் சதினா அத்தை சொல்வாள்.

இங்கே சின்ன மழைக்காலம் தொடங்கிவிட்டது. கால்வாயில் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது, மதகுக்காரன் நேரத்துக்குத் திறப்பதில்லை, பின்பக்க மரவள்ளிக் கிழங்கில் பாதி அழுகிவிட்டது. ஆரஞ்சு மட்டும் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை, நம் தெருவில் பதினொரு வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் உன்னைப் போல ஹாலந்தில்தான். பக்கத்து வயல் ராம்தேவ் மாமா தன் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டார், மூன்று நாள் ஒலிபெருக்கி அலறியது, எங்களுக்குத் தனியாக எதுவும் வேண்டாமென்று நான் சொல்லியும் கேட்காமல் பருப்பு ரொட்டியும் பூசணிக்காயும் அண்டாவோடு அனுப்பினார். கல்யாண வீட்டில் அவர் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைத்திருந்தாராம். யாருக்கென்று கேட்டவர்களிடம் உன் அப்பாவுக்காக என்றாராம். எனக்கு அங்கே போக மனம் வரவில்லை. நேற்றோடு சுரோ மாதம் பிறந்துவிட்டது, இனி நம்மவர்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் எதுவும் இல்லை.

ஆரஞ்சையும் மதகையும் பற்றி அம்மா எதற்கு இவ்வளவு எழுதுகிறாள் என்று உனக்குப் புரிந்திருக்கும். அப்பா போன தந்தி கிடைத்ததும் நீ எழுதின இரண்டாவது கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய், நான் எழுதினபடி அப்பாவைக் குழியில் மேற்கே திருப்பித்தானே வைத்தீர்கள் என்று. நான் காகிதத்தை எடுப்பேன், உன் பெயரை எழுதுவேன், அடுப்பில் ஏதோ இருப்பது போல எழுந்து போய்விடுவேன். இன்று எழுதிவிடுகிறேன். இல்லை மகனே. மேற்கே வைக்கவில்லை. உன் அப்பா கிழக்கே பார்த்துப் படுத்திருக்கிறார்.

நீ உடனே கோபப்படாதே, உடனே அழவும் செய்யாதே, முதலில் முழுவதையும் படி. உன் முதல் கடிதம், அந்த நாலு பக்கக் கடிதம், அப்பா போன பன்னிரண்டாம் நாள்தான் என் கைக்கு வந்தது. சீனாக்காரர் கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போனேன், அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அங்கேயே மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். மேலே பதினாறாம் தேதி என்று நீ போட்டிருந்தாய். பதினாறாம் தேதி அவர் உயிரோடு இருந்தார் வர்சித்தோ. அன்று காலையில் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார், உப்பு போதவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார். நீ அதே நாளில் அங்கே உட்கார்ந்து, அப்பா நான் சொன்னது தப்பு, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுதாலும் நீங்கள் என் அப்பா, உங்கள் இஷ்டப்படியே மேற்கே பார்த்து இருங்கள், நான் வந்து நின்று துவா கேட்பேன் என்று எழுதியிருக்கிறாய். தந்தியாக அடித்திருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் உன் மேல் எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு நினைத்தேன், மூன்று வருஷம் தொண்டையில் சிக்கியிருந்தது எப்படித் தந்தியில் வரும்.

அந்த வார்த்தையை நீ சொன்ன நாள் எனக்கு மறக்குமா. நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டி முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அதற்கும் முன்னால் நீ பள்ளிக்கூடத்திலிருந்து உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்தே இந்தச் சண்டை இருந்தது, ஆனால் அது விளையாட்டுச் சண்டை. ஜாவாவில் இருக்கிறவனுக்குத்தான் மெக்கா மேற்கே, தாத்தா கப்பலில் பாதி உலகம் தாண்டி இங்கே வந்து இறங்கிவிட்டார், சுரினாமில் நிற்கிறவனுக்கு மெக்கா கிழக்கே என்று நீ நூல் பிடித்துக் காட்டினாய். அப்பா அந்த உருண்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, உருண்டைதானேடா, மேற்கேயே போனாலும் போய்ச் சேரும், உங்கம்மாவுக்குக் குறுக்கு வழி எனக்குச் சுத்து வழி, நான் என்ன அவசரத்துலயா இருக்கேன் என்றார். நீயும் சிரித்தாய். ராம்தேவ் மாமா கூட, நீங்க எந்தப் பக்கம்னு அடிச்சுக்குங்கப்பா, எங்களை எரிச்சா புகை எல்லாப் பக்கமும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கிழக்கே பார்ப்பவர் வீட்டுப் பெண், உனக்குத் தெரியும், என் அப்பா முதன்முதலில் திரும்பியவர்களில் ஒருவர். மேற்குக்காரனுக்குப் பெண் கொடுக்கிறாயா என்று அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிவாசலில் கேட்டார்கள். நாற்பத்தோரு வருஷம் ஒரே அறையில் அவர் ஒரு சுவரைப் பார்த்து, நான் எதிர்ச் சுவரைப் பார்த்து. அதற்காக எங்களுக்குள் ஒரு நாள் ஒரு வார்த்தை தடித்ததில்லை. சோற்றுக்கு, கோழிக்கு, உனக்கு என்று தடித்ததுண்டு, திசைக்கு இல்லை.

ஆனால் அன்று நீ சொன்னது விளையாட்டு இல்லை. நீங்க இத்தனை வருஷம் தொழுததுல ஒரு வேளை கூடச் சேராது, நாளைக்கு நீங்க மேற்கே பாத்துப் படுத்தா உங்க குழிகிட்ட வந்து நான் நிக்க மாட்டேன் என்றாய். நான் தட்டை வைத்துவிட்டேன். அவர், என் அப்பா திரும்பின பக்கம்தான் எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மறுநாள் மீர்சோர்க் படகுத்துறை வரை வந்தார், உன் பெட்டியைப் படகில் ஏற்றினார், அவர் ஏறவில்லை. படகு அந்தக் கரை சேரும் வரை நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம் உன் பெட்டியின் கைப்பிடி தளர்ந்திருந்ததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், கயிறு போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்று.

அவர் நோயைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருந்தேன். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டது என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நீ டிசம்பரில் கண்ணாடி வீட்டுத் தக்காளி வேலை முடிந்ததும் வருகிறேன் என்று எழுதினாய். அதைப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் டிசம்பருக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுவிட்டு, ஆரஞ்சு பறிக்கணும்ல, அதுக்குத்தான் என்பார். கால் வீங்கி, முகம் வீங்கி, கண் பாதிதான் திறந்தது. உனக்கு முகம் தெரியாதபடி ஆகிவிட்டதே என்று நான் அழுதால், அவனுக்கு என் குரல் தெரியும் என்பார். அக்டோபர் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில், என் மடியில் தலை வைத்தபடி போய்விட்டார். சிரமப்படவில்லை. அதை மட்டும் உனக்குத் தைரியமாகச் சொல்ல முடியும்.

இனி நடந்ததைக் கேள். அன்றே அடக்கம். மேற்குக்காரர்களின் மோதினார் சதிரான் வந்தார், குளிப்பாட்டினார்கள், வெள்ளை சுற்றினார்கள், நம் தாத்தா பாட்டி இருக்கிற வரிசையில் குழி வெட்டியாயிற்று. குழி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், வடக்கு தெற்காக, வலப்பக்கம் ஒருக்களித்து வைப்பார்கள், தலை எந்த முனையில் என்பதுதான் பேச்சு. மேற்கே பார்க்கிறவருக்குத் தலைமாடு வடக்கே, கிழக்கே பார்க்கிறவருக்குத் தெற்கே. தூக்கும் நேரத்தில் நான் வாசலில் நின்றுகொண்டு மோதினாரிடம் சொன்னேன், தலையைத் தெற்கே வையுங்கள், அவரைக் கிழக்கே திருப்பி வையுங்கள், அவரே என்னிடம் சொன்னார் என்று. சதினா அத்தைதான் பாடையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "உயிரோட இருந்தப்ப திருப்ப முடியல, இப்ப செத்தவனைத் திருப்புறியா" என்றாள். நாற்பத்தோரு வருஷமா காத்திருந்து ஜெயிச்சுட்டியா என்றாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைத்ததே இல்லை, நீ பிறந்தபோது என் வயிற்றுக்கு எண்ணெய் தேய்த்தவள். மோதினார் என்னை மூன்று தடவை கேட்டார், அவர் வாயால் சொன்னாரா என்று. மூன்று தடவையும் ஆமாம் என்றேன். ஏன் சொன்னார் என்று கேட்டார். சொன்னார், அவ்வளவுதான் என்றேன். மனைவி சத்தியமாகச் சொல்கிறாள், அதற்கு மேல் எனக்கு வழக்கு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த வரிசையில் இப்போது உன் அப்பா ஒருவர்தான் தலைகீழாக இருக்கிறார். அவர் அப்பாவின் தலை இருக்கிற பக்கம் இவர் கால். மூன்றாம் நாள், ஏழாம் நாள், யார் வந்தாலும் பழக்கத்தில் வடக்கு முனைக்குப் போய்ப் பூவைக் காலில் போட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து முகம் சுளிக்கிறார்கள். நாற்பதாம் நாள் சோறு சமைத்து எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். மேற்குக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை, சதினா அத்தை வரவில்லை, அவளுக்குக் கொடுத்தனுப்பிய சோறு அப்படியே திரும்பி வந்தது. என் பக்கத்துக்காரர்கள் வந்தார்கள். அது அதைவிட மோசம். எங்கள் இமாம் என் கையைப் பிடிக்காத குறையாக, கடைசியில் அவருக்கு நேர்வழி கிடைத்தது, உங்கள் பொறுமைக்குப் பலன் என்றார். எனக்கு அவர் முகத்தில் அந்தச் சோற்றை எறியலாம் போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். உன் அப்பா எந்த நாளும் வழி தப்பியவர் இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு சதிரான் மோதினாரிடம் போனேன். மறுபடி திறந்து திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன். நீயே வந்து நிற்பதாக எழுதிவிட்டாய், இனி அவர் தன் அப்பா பக்கமே இருக்கட்டுமே என்று தோன்றியது, ஏனென்று சொல்லாமல்தான் கேட்டேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, மழை பெய்திருக்கிறது, படுத்தவரைத் தொடக் கூடாது, நீ வீட்டுக்குப் போம்மா என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை, நான் செய்ததற்கு நானே வருந்தி வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அங்கிருந்து நேரே கல்லறைக்குப் போய் நாலு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். சத்தமாகத்தான் படித்தேன். கால்வாயில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ மன்னிப்புக் கேட்ட இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் அன்று சொன்ன சொல்லுக்குப் பயந்துதான் அப்பா தன் வழியை விட்டார், சாகிற மனிதனைப் பணிய வைத்துவிட்டேன் என்று உன்னையே நீ தின்றுகொண்டிருப்பாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார், உன்னிடம் சொல்வதற்கு அவர் கோபிக்க மாட்டார். பதினெட்டாம் தேதி, புதன்கிழமை மத்தியானம், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தேன். என்னைக் கூப்பிட்டு, என்னைக் கிழக்கே திருப்பி வச்சிடு என்றார். பையன் சொன்னதுக்காகவா, அவன் ஏதோ வயசு வேகத்தில் சொன்னான், நான் அவனிடம் பேசுகிறேன், நீங்கள் மாற வேண்டாம் என்றேன். நான் கிழக்குக்காரி, நான்தான் அவரை மேற்கே இருங்கள் என்று கெஞ்சினேன், இதை யார் நம்புவார்கள். அவர் தலையை ஆட்டினார். பிறகு சொன்னது இதுதான், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"மெக்காவுக்காக இல்ல பொனிரா. அதுக்கு நான் ஆண்டவன்கிட்ட பதில் சொல்லிக்கிறேன். ஆத்து முகத்துல ஹாலந்துக் கப்பல் கிழக்கத்தானே திரும்புது. பையன் அந்தப் பக்கம்தானே இருக்கான். அவனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு அத்தனை காலம் என்னால படுத்திருக்க முடியாது."

அவ்வளவுதான் மகனே. வழியை விடவில்லை, பயப்படவில்லை, உனக்குத் தோற்கவும் இல்லை. தொழ வேண்டிய திசையை விட்டுப் பெற்ற பிள்ளையைப் பார்த்துப் படுத்தான் என்று தெரிந்தால் மேற்குக்காரர்களும் பேசுவார்கள், கிழக்குக்காரர்களும் பேசுவார்கள், அவர் பெயர் கெட்டுப்போகும். அதற்கு நான் புருஷனைத் திருப்பினவள் என்றே இருந்துவிட்டுப் போகிறேன். சதினா அத்தைக்கு நீ ஒன்றும் எழுதிவிடாதே. அவள் என்றைக்காவது சோற்றை வாங்கிக்கொள்வாள், வாங்காவிட்டாலும் நான் அனுப்பிக்கொண்டுதான் இருப்பேன்.

நீயும் லஸ்மியும் பிறக்கப் போகிற குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், நீ பெறுகிற பிள்ளை உன்னிடம் கடுஞ்சொல் பேசாமல் இருக்க வேண்டும், பேசினாலும் அதை எடுத்துக்கொள்கிற மனசு உனக்கு இருக்க வேண்டும். தண்ணீரில் வேலை செய்துவிட்டு ஈரக் காலோடு பூட்ஸ் போடாதே. பிள்ளை பிறந்ததும் வா, முன்னால் வர வேண்டாம், லஸ்மியைத் தனியே விடாதே. வந்தால் முதலில் வீட்டுக்கு வர வேண்டும் என்றில்லை, படகுத்துறையிலிருந்து நேரே கல்லறைக்குப் போ. யாரையும் வழி கேட்காதே, தலைமாட்டிலும் நிற்காதே, கால்மாட்டிலும் நிற்காதே. கிழக்குப் பக்கமாகச் சுற்றி வந்து தரையில் உட்கார். அவர் முகத்துக்கு நேரே இருப்பாய்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
பொனிரா